வதிவும் காப்பும்: ஒன்ராறியோவின் பொதுச் சுகாதாரக் காப்புறுதியும் புலம்பெயர் தமிழரும் (1969–2023)

1. முன்னுரை

புலம்பெயர் தமிழரின் வரலாறு இதுவரை பெரும்பாலும் வெளியேற்றம், அகதிக் கோரிக்கை, மொழிப்பேணல், கோயில் அமைப்பு, அரசியல் செயற்பாடு ஆகிய தலைப்புகளிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. புதிய நாட்டில் நோயுற்றபோது அவர்களுக்கான மருத்துவச் செலவை யார் ஏற்றனர், எந்த உரிமையின் பேரில் ஏற்றனர் என்னும் வினா அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் ஒரு நாடு தன்னிடம் வந்து சேர்ந்தவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டதா என்பதை அறிவதற்கு இதனைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை. கடவுச்சீட்டு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கப்படுகிறது. வாக்குரிமை தேர்தலின்போது பயன்படுகிறது. சுகாதார அட்டையோ காய்ச்சல் வந்த இரவிலேயே கேட்கப்படுகிறது.

உலகிலேயே பெருந்தொகையான ஈழத்தமிழர் வாழும் புலம்பெயர் நிலங்களுள் ஒன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணம். அம்மாகாணத்தின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி வெளிநாட்டிலிருந்து வந்து வதிபவரை எவ்வாறு உள்வாங்கியது, எவ்வாறு வெளியே நிறுத்தியது என்பதைச் சட்டங்கள், ஒழுங்குவிதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் கருதுகோள் பின்வருமாறு: ஒன்ராறியோவின் காப்புறுதி குடியுரிமையின் மீதன்றி வதிவின் மீதே நிறுவப்பட்டது. ஆனால் ‘வதிபவர்’ என்பார் யார் என்னும் வரையறை காலத்துக்குக் காலம் சுருங்கியும் விரிந்தும் வந்துள்ளது. அவ்வாறு சுருங்கியமை தவிர்க்க இயலாத நிருவாகத் தேவையாகவே பெரும்பாலும் விளக்கப்பட்டது. வரலாற்றை நோக்கின் அது அரசின் தெரிவு என்பது புலனாகும்.

2. குடிமை, உழைப்பு, வதிவு

தமிழில் ‘குடி’ என்னும் சொல் குலத்தையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், வாழும் இடத்தையும் குறிக்கும். குடியிருத்தல், குடிபுகுதல், குடிமகன், குடியுரிமை ஆகிய சொற்கள் யாவும் இவ்வேரினின்று கிளைத்தவை. ஓரிடத்தில் வாழ்தலும் அவ்விடத்துக்கு உரியவராதலும் ஒரே வேரில் அடங்கிவிடுகின்றன. ஆனால் நவீன அரசுகளின் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே நோக்குகிறது. அந்தப் பிரிவைத் தமிழில் உணர்த்துவதற்கு இலங்கையின் நிருவாகத் தமிழ் ‘வதிவிடம்’, ‘வதிவிட உரிமை’ என்னும் சொற்களைப் பயன்படுத்தியது. வதிதல் என்பது தங்கி வாழ்தல் எனப் பொருள்படும் பழஞ்சொல். கனடாத் தமிழர் இன்றும் ‘நிரந்தர வதிவிட உரிமை’ என்றே எழுதுகின்றனர். இக்கட்டுரையிலும் ‘வதிவு’ அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

பிற நிலத்துக்குச் சென்றவருக்கு மருத்துவ உதவி வழங்குதற்கு மூன்று அடிப்படைகள் வரலாற்றில் காணப்படுகின்றன. முதலாவது உழைப்பு. இலங்கைத் தோட்டத்துறையில் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து 1872ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட மருத்துவமனைகளை அமைக்கும் கடமையைத் தோட்ட உரிமையாளர் மீது சுமத்தின. அங்கெல்லாம் சிகிச்சை தொழிலாளியின் உரிமையாக எழவில்லை. அவர் உழைப்பைப் பெற்றவரின் கடமையாகவே எழுந்தது. ஆகவே தோட்டத்தை விட்டு நீங்கியவர் அந்த மருந்தையும் விட்டு நீங்கினார். ஜெர்மனியில் 1883ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் நோய்க்காப்புறுதிச் சட்டமும் உழைப்பையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அங்கே தொழிலாளியும் பங்களிப்புச் செலுத்தி உரிமை பெற்றார்.

இரண்டாவது அடிப்படை குடிமை. ஒருவர் அந்நாட்டுக் குடிமகன் என்பதனால் மட்டும் பெறும் உரிமை அது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் அனுபவம், குடிமையை மட்டும் நம்பியிருக்கும் உரிமைகள் எத்துணை எளிதில் பறிபோகும் என்பதைத் தமிழுலகுக்கு உணர்த்தியது. மூன்றாவது அடிப்படை வதிவு. ஒருவர் எந்நாட்டவராயினும், எவரிடம் வேலை செய்தாலும், செய்யாவிட்டாலும், இங்கே வாழ்கிறார் என்னும் ஒரே காரணத்தால் அவருக்குச் சிகிச்சை உண்டு என்பது அதன் உட்பொருள். கனடா தெரிந்தெடுத்தது இம்மூன்றாவது அடிப்படையையே.

3. கனடாவில் வதிவின் மீது எழுந்த காப்புறுதி

1947ஆம் ஆண்டு சஸ்காச்சுவான் மாகாணம், டொமி டக்ளஸ் தலைமையிலான அரசின் கீழ், மாகாண மக்கள் அனைவருக்குமான மருத்துவமனைக் காப்புறுதியைத் தொடங்கியது. 1957ஆம் ஆண்டு கூட்டாட்சி அரசு மருத்துவமனைச் செலவில் ஒரு பகுதியை ஏற்கும் சட்டத்தை இயற்றியது. 1962 ஜூலையில் சஸ்காச்சுவான் மருத்துவர் சேவைகளுக்கும் காப்புறுதியை விரித்தபோது அம்மாகாண மருத்துவர் மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர், அரசு பின்வாங்கவில்லை. நீதியரசர் எம்மெட் ஹோல் தலைமையிலான அரச ஆணைக்குழு 1964ஆம் ஆண்டு நாடு தழுவிய திட்டத்தைப் பரிந்துரைத்தது. 1966இல் கூட்டாட்சியின் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. ஒன்ராறியோ 1969 அக்டோபரில் இதில் இணைந்தது. 1972ஆம் ஆண்டு மருத்துவமனைக் காப்புறுதியும் மருத்துவர் சேவைக் காப்புறுதியும் ஒன்றாக்கப்பட்டு ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதித் திட்டம் உருவாயிற்று. மக்கள் வழக்கில் இது ‘ஓஹிப்’ எனப்படுகிறது. தொடக்கத்தில் அறவிடப்பட்ட தவணைக் கட்டணம் 1990இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் குடும்ப எண் வழக்கொழிந்து, ஒவ்வொருவருக்கும் தனி எண் கொண்ட சிவப்பு வெள்ளை அட்டை வழங்கப்பட்டது. ஒளிப்படத்துடன் கூடிய அட்டை 1995இல் வந்தது.

1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டமே இவ்வாய்வின் மையமாகும். பொது நிருவாகம், முழுமை, பொதுமை, இடம்பெயர்வின்போது தொடர்ச்சி, அணுகத்தக்கமை என்னும் ஐந்து தகுதிகளை அது மாகாணத் திட்டங்களுக்கு விதித்தது. அச்சட்டம் ‘வதிபவர்’ என்னும் சொல்லை வரையறுத்த விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. கனடாவில் இருப்பதற்குச் சட்டப்படி உரிமையுடையவராய், மாகாணத்தில் தம் வீட்டை அமைத்து, வழமையாக அங்கே இருப்பவர் வதிபவர் ஆவார். சுற்றுலாப் பயணி, வழிச்செல்வோர், வருகையாளர் ஆகியோர் வதிபவர் ஆகார். இவ்வரையறையில் குடியுரிமை என்னும் சொல்லே இல்லை. வீடும் இருப்பும் சட்டப்பூர்வமான நிலையும் இருந்தால் போதும்.

ஆனால் அதே சட்டம் காத்திருப்புக் காலம் ஒன்றுக்கும் இடமளித்தது. மாகாணம் விரும்பினால் புதிதாக வந்தவருக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத காத்திருப்பை விதிக்கலாம். இவ்விதி எதற்காக எழுந்தது என்பதை அறிதல் இன்றியமையாதது. ஒருவர் மானிட்டோபாவிலிருந்து ஒன்ராறியோவுக்குக் குடிபெயரின் அந்த மூன்று மாதங்களுக்கு அவர் விட்டுவந்த மாகாணமே அவருடைய செலவை ஏற்க வேண்டும். எனவே மாகாணங்களிடையே நகர்பவருக்குக் காத்திருப்பு ஒரு கணக்கு ஏற்பாடு மட்டுமே. அவர் ஒருநாளும் காப்பின்றி இருப்பதில்லை. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவருக்கு விட்டுவந்த மாகாணம் என்று ஒன்றில்லை. கனடியரைப் பொறுத்தவரை தொடர்ச்சியைக் காக்கும் அதே விதி, வெளிநாட்டிலிருந்து வருபவரைப் பொறுத்தவரை வெற்றிடமாயிற்று.

4. ஈழத்தமிழர் வருகையும் இடைக்காலத் திட்டமும்

மாகாணக் காப்புறுதிக்கு இணையாகக் கனடாவில் மற்றுமோர் ஏற்பாடு இருந்து வந்தது. போதிய வசதியின்றி வந்த குடியேறுவோரின் மருத்துவச் செலவைக் கூட்டாட்சி அரசே ஏற்பதற்கு 1957ஆம் ஆண்டு அமைச்சரவை ஆணையொன்று வழிசெய்தது. அதற்கு முந்திய மாதங்களில்தான் பல்லாயிரக்கணக்கான ஹங்கேரி அகதிகள் கனடாவுக்கு வந்து சேர்ந்திருந்தனர். பின்னாளில் இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டம் எனப் பெயர் பெற்றது இவ்வழியில் வந்த ஏற்பாடே. பெயரிலேயே ‘இடைக்காலம்’ இருப்பது கருதத்தக்கது. மாகாணம் ஏற்கும்வரை கூட்டாட்சி தாங்கும் என்பதே அதன் எண்ணம்.

1983 ஜூலை வன்முறையின் பின்னர் ஈழத்தமிழரின் வருகை பெருகியது. 1985 ஏப்ரலில் கனடிய உச்ச நீதிமன்றம் வழங்கிய சிங் தீர்ப்பு, கனடா மண்ணில் உள்ள அகதிக் கோரிக்கையாளருக்கும் உரிமைகள் பட்டயத்தின் பாதுகாப்பு உண்டு என்றும், அவர்தம் வாய்மொழிச் சாட்சியத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்றும் நிலைநாட்டியது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் கண்டு மீட்டனர். 1989இல் குடிவரவு, அகதிகள் சபை நிறுவப்பட்டது. கோரிக்கை விசாரணைக்கு வருவதற்கு மாதங்களும் சில வேளைகளில் ஆண்டுகளும் கடந்தன. அக்காலமெல்லாம் கோரிக்கையாளர் வீடு எடுத்து, வேலை செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்தார். வாழ்க்கை நோக்கில் அவர் வதிபவரே; சட்ட நோக்கில் அவர் முடிவுக்காகக் காத்திருப்பவர்.

இலங்கையிலிருந்து வந்தவருக்கு இந்நிலை மேலும் ஒரு காரணத்தால் விளங்குதற்கு அரிதாயிருந்தது. இலங்கை செல்வ நாடன்று. எனினும் அரச மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணமோ காப்புறுதி அட்டையோ கேட்கும் வழக்கம் அங்கில்லை. நோயாளி வரிசையில் நின்று மருத்துவரைக் காண்பார், மருந்தைப் பெற்றுச் செல்வார். தம் தாய்நாட்டினும் பன்மடங்கு செல்வம் மிக்க நாட்டில் சிகிச்சைக்கு முன் அட்டை கேட்கப்படும் என்பதை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

5. 1994: வதிவின் சுருக்கம்

1990களின் தொடக்கத்தில் ஒன்ராறியோ கடும் பொருளாதார வீழ்ச்சியைச் சந்தித்தது. செலவைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளின் ஒரு பகுதியாக 1994ஆம் ஆண்டு சுகாதாரக் காப்புறுதிக்கான தகுதி விதிகள் மாற்றப்பட்டன. அம்மாற்றங்களுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, புதிதாக வரும் நிரந்தர வதிவாளருக்கு மூன்று மாதக் காத்திருப்பு விதிக்கப்பட்டது. இரண்டாவது, தற்காலிக அனுமதியில் இருப்போர் பலர் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டனர். வெளிநாட்டு மாணவர் காப்பை இழந்ததால் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கெனக் கட்டணக் காப்புறுதியொன்றை ஏற்படுத்தின. அகதிக் கோரிக்கையாளர் மாகாண வட்டத்துக்கு வெளியே, கூட்டாட்சியின் இடைக்காலத் திட்டத்தின் பொறுப்பில் நின்றனர்.

இவ்விதிகளின் விளைவாக வதிதல் என்பது ஒரு செயலிலிருந்து ஒரு தரநிலையாக மாறியது. எங்கே வாழ்கிறார், எத்துணைக் காலம் வாழ எண்ணுகிறார் என்னும் வினாக்களுக்கு முன்னர் எந்தப் பத்திரத்துடன் வாழ்கிறார் என்னும் வினா வைக்கப்பட்டது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு மூன்று மாதக் காத்திருப்பிலிருந்து விலக்கு இருந்தது. ஆனால் அவரே பின்னர் பொறுப்பேற்று வரவழைக்கும் மனைவி குடும்ப வகுப்பில் வந்து இறங்கின் அவர் காத்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிட உரிமையுடன் முறையாக வந்தவர், வரி செலுத்தும் கடமை முதல்நாளிலேயே தொடங்கியவர், காப்பை மட்டும் மூன்று மாதம் கழித்தே பெற்றார்.

இவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தொடரப்பட்ட வழக்கில் 2001ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. காத்திருப்பு, புதிதாக வந்தவர் அனைவருக்கும், அவர் கனடாவின் வேறு மாகாணத்திலிருந்து வந்தாராயினும் வெளிநாட்டிலிருந்து வந்தாராயினும், பொதுவானது என்னும் நோக்கு அரசுக்குத் துணை நின்றது. வடிவத்தில் இது சமன். மேலே கண்டவாறு விளைவில் சமன் இல்லை. ஒருவருக்குப் பின்னால் ஒரு மாகாணம் இருந்தது, மற்றவருக்குப் பின்னால் எதுவும் இருக்கவில்லை.

முழுக் கதவும் அடைக்கப்படவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். சமூகச் சுகாதார நிலையங்கள் அட்டையில்லாதவரையும் ஏற்றன. 1994 ஜனவரியில் ஒன்ராறியோ மருத்துவச்சியர் தொழிலைச் சட்டப்படி ஒழுங்குபடுத்திப் பொது நிதியில் சேர்த்தது. அச்சேவை மாகாணத்தில் வாழும் அட்டையில்லாத தாய்மாருக்கும் கிடைத்தது. ஒரே ஆண்டில், ஒரே அரசு, ஒரு கையால் காப்பைச் சுருக்கி மறு கையால் பிரசவத்துக்கு வழி திறந்தது. எனினும் மருத்துவச்சியின் பணி இயல்பான பிரசவத்தோடு நின்றுவிடும். அறுவை நேரின் மருத்துவமனைக் கட்டணம் குடும்பத்தின் தலையிலேயே விழுந்தது.

6. ஒரு வீட்டில் ஐந்து நிலைகள்

விதிகளின் கூட்டு விளைவை உணர்தற்கு 2013ஆம் ஆண்டு ஸ்கார்பரோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்வோம். வீட்டுத் தலைவர் அகதியாக வந்து ஏற்கப்பட்டுக் குடியுரிமையும் பெற்றவர். அவரிடம் அட்டை உண்டு. அவர் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து முந்திய மாதம் நிரந்தர வதிவிட உரிமையுடன் வந்தவர், நிறைமாதக் கர்ப்பிணி, காத்திருப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் உண்டு. பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் வதிவைக்கொண்டு பிறப்பிலேயே காப்பு உண்டு; அக்குழந்தையைப் பெறும் தாய்க்கு இல்லை.

அதே வீட்டில் கணவரின் தமையன் அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கிறார். அவருக்கு நீரிழிவு. தமிழ்ச் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. கூட்டாட்சித் திட்டம் அவர் மருத்துவரைக் காண்பதற்குப் பணம் தரும். 2012ஆம் ஆண்டு விதிமாற்றத்தின்பின் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் நீரிழிவு மருந்துக்குத் தராது. மாதந்தோறும் மருந்துக்கடையில் அவர் தம் கூலியிலிருந்தே செலுத்த வேண்டும்.

கணவரின் தாய் பெற்றோர், பாட்டன் பாட்டியர்க்கான சிறப்பு விசாவில் வந்திருக்கிறார். 2011 டிசம்பரில் தொடங்கிய இவ்விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர். ஈராண்டுகள் தொடர்ந்து தங்கலாம். வீட்டில் சமைக்கிறார், குழந்தையைப் பார்க்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் வருகையாளர். தனியார் காப்புறுதி ஒப்பந்தங்கள் முன்பே இருந்த நோய்களை விலக்கிவைப்பது வழமை. மூத்தோருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அந்நோய்களுக்கான சிகிச்சையே. மாடியறையில் தங்கிப் படிக்கும் உறவினர் பிள்ளை வெளிநாட்டு மாணவர். அவர் பல்கலைக்கழகத்தின் கட்டணக் காப்புறுதியில் இருக்கிறார்.

ஆக, ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் ஐந்து பெரியவர்களும் ஐந்து வெவ்வேறு சட்ட நிலைகளில் உள்ளனர். தமிழ் வழக்கில் ‘குடி’ என்னும் ஒரு சொல் சேர்த்து வைத்ததை மருத்துவ விதிகள் ஆள் ஆளாகப் பிரித்து வைத்தன. யாருக்கு நோய் வரலாம், யாருக்கு வரக்கூடாது என்று குடும்பமே கணக்கிட வேண்டிய நிலை இதனால் உருவாயிற்று. நோயைக் காட்டாமல் தாமதித்தல், பிறர் மருந்தைப் பகிர்தல், மூத்தோரைச் சிகிச்சைக்காகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புதல் ஆகியவை இந்நிலையில் ஒரு குடும்பத்தின் முன் எஞ்சும் வழிகள். இவற்றைத் தனிமனித அலட்சியமாகக் கொள்வது வரலாற்று நோக்கில் பிழையாகும்.

7. 2012–2016: இடைக்காலத் திட்டத்தின் நெருக்கடி

2009 அக்டோபரில் 76 தமிழருடன் ஓஷன் லேடி என்னும் கப்பலும், 2010 ஆகஸ்டில் 492 தமிழருடன் சன் சீ என்னும் கப்பலும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தன. இவ்வருகைகளை ஒட்டி அகதிக் கொள்கை பற்றிய பொதுவிவாதம் கடுமையாயிற்று. 2012ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இடைக்காலச் சுகாதாரத் திட்டமும் வெட்டப்பட்டது.

புதிய ஏற்பாடு கோரிக்கையாளரைப் பல படிகளில் பிரித்தது. பாதுகாப்பானவை என அரசு அறிவித்த நாடுகளிலிருந்து வந்தோருக்கும், கோரிக்கை மறுக்கப்பட்டோருக்கும் பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் நோய்களுக்கு மட்டுமே சிகிச்சை. அதாவது நோயாளிக்குக் காசநோய் இருந்தால் சிகிச்சை உண்டு. மாரடைப்பு வந்தால் இல்லை. சிகிச்சையின் காரணம் நோயாளியல்லர், அவரைச் சுற்றியுள்ளோர். இலங்கை அப்பாதுகாப்பு நாடுகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே இலங்கைக் கோரிக்கையாளர் மருத்துவரைக் காணும் காப்பைத் தக்கவைத்துக்கொண்டனர். பெரும்பாலான மருந்துகளுக்கான காப்பை இழந்தனர். கோரிக்கை மறுக்கப்பட்டதும் ஏனையதையும் இழந்தனர்.

இதனை எதிர்த்து மருத்துவர்கள் வெள்ளை அங்கியுடன் வீதிக்கு வந்தனர். அகதிகள் நலனுக்கான கனடிய மருத்துவர் அமைப்பும் அகதிகள் சட்டத்தரணிகள் சங்கமும் பிறரும் வழக்குத் தொடர்ந்தனர். ஒன்ராறியோ அரசு 2014 ஜனவரியில் தற்காலிகத் திட்டமொன்றைத் தொடங்கி வெற்றிடத்தின் ஒரு பகுதியை நிரப்பியது. 2014 ஜூலை 4ஆம் நாள் கூட்டாட்சி நீதிமன்ற நீதியரசர் ஆன் மக்டாவிஷ் வழங்கிய தீர்ப்பு, இவ்வெட்டு உரிமைகள் பட்டயத்தின் 12ஆம் பிரிவு தடைசெய்யும் கொடியதும் வழமைக்கு மாறானதுமான நடத்துகைக்குச் சமம் என்று கூறியது. நாட்டினத்தின் பேரில் கோரிக்கையாளரைப் பாகுபடுத்தியமை 15ஆம் பிரிவுக்கு முரண் என்றும் கண்டது. 2016 ஏப்ரல் முதலாம் நாள் திட்டம் முழுமையாக மீட்கப்பட்டது.

இத்தீர்ப்பின் பெறுமதியும் எல்லையும் ஒருங்கே நோக்கத்தக்கவை. அனைவருக்கும் சிகிச்சைக்கான உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறவில்லை. நலிந்தோரிடமிருந்து இருந்த காப்பை வேண்டுமென்றே பறித்தலாகாது என்றே கூறியது. கிரெனடாவிலிருந்து வந்து ரொறன்ரோவில் பல்லாண்டு உழைத்து, பத்திரமின்றி நோயுற்ற பெண்ணொருவர் இடைக்காலத் திட்டத்தின் காப்பைக் கோரியபோது கனடிய நீதிமன்றங்கள் மறுத்தன. 2018ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அம்மறுப்பு அவருடைய வாழ்வுரிமையையும் சமத்துவ உரிமையையும் மீறியது எனத் தன் கருத்தை வெளியிட்டது.

8. ஒப்பீடு: சுவிட்சர்லாந்தும் பிரித்தானியாவும்

மூன்று மாதம் என்னும் அளவு தமிழர் வாழும் மற்றொரு நாட்டுச் சட்டத்திலும் காணப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் 1996 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள நோய்க்காப்புறுதிச் சட்டப்படி, அங்கு வதிவிடம் கொள்பவர் மூன்று மாதங்களுக்குள் காப்புறுதியில் இணைதல் வேண்டும். அவ்வாறு இணையின் காப்பு வதிவு தொடங்கிய நாளிலிருந்தே செல்லும். ஒன்ராறியோவில் மூன்று மாதம் என்பது காப்பில்லாக் காலம். சுவிட்சர்லாந்தில் அது இணைவதற்கான அவகாசம். சுவிஸ் முறையிலும் சுமை உண்டு. ஒவ்வொருவருக்கும் மாதத் தவணை செலுத்த வேண்டும். அது பெரிய குடும்பங்களுக்குப் பெருஞ்செலவு. ஆயினும் நாட்டுக்குள் வந்த நாளுக்கும் காப்புக் கிடைக்கும் நாளுக்கும் இடையே வெற்றிடம் தேவையில்லை என்பதற்கு அது சான்று.

பிரித்தானியாவின் போக்கு இதற்கு எதிரானது. 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை வழமையாக வதிபவர் என்னும் கருத்தையே நம்பியிருந்தது. 1982இல் வெளிநாட்டு வருகையாளருக்கு மருத்துவமனைக் கட்டணம் வந்தது. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நிரந்தர அனுமதி இல்லாதாரை அக்கருத்திலிருந்து விலக்கியது. 2015இல் விசாவுடன் ஆண்டுக்கு 200 பவுண் சுகாதார மேல்வரி அறவிடப்பட்டது. 2024இல் அது 1,035 பவுணாயிற்று. அங்கேயும் வாழ்தல் என்பது பத்திரமாயிற்று. பத்திரம் பின்னர் விலையாயிற்று.

9. 2020: நீங்கிய காத்திருப்பு

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது ஒன்ராறியோ அரசு மூன்று மாதக் காத்திருப்பை நீக்கியது. அட்டையே இல்லாதோரின் மருத்துவமனைச் செலவையும் ஏற்பதாக அறிவித்தது. இருபத்தாறு ஆண்டுகளாக இன்றியமையாதது எனக் காக்கப்பட்ட விதி சில நாள்களில் நீக்கப்பட்டது. அதன்பின் காத்திருப்பு மீண்டும் விதிக்கப்படவில்லை. புதிய நிரந்தர வதிவாளர் இன்று வந்தவுடனேயே விண்ணப்பிக்கலாம். அட்டையில்லாதோருக்கான ஏற்பாடோ 2023 மார்ச்சு இறுதியில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. தொற்றுக்காலத்தில் அரசை இயக்கியது 2012ஆம் ஆண்டு விதியில் கண்ட அதே தர்க்கம்: ஒருவரின் நோய் மற்றவரைத் தாக்கும் என்னும் அச்சம். அச்சம் தணிந்ததும் பத்திரமற்றோர் மீண்டும் வெளியே நின்றனர். காத்திருப்பு நீக்கம் மட்டும் நிலைத்தது. அச்சத்தில் பிறந்த ஏற்பாடு எப்போதும் அச்சத்தோடு மறைவதில்லை என்பதையும், மறையாதிருக்க அதற்கு வேறொரு நியாயம் துணைநிற்க வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது. நிரந்தர வதிவாளரைப் பொறுத்தவரை அந்நியாயம் 1984ஆம் ஆண்டின் வரையறையிலேயே எழுதப்பட்டிருந்தது: அவர் இங்கே வாழ்கிறார்.

10. முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, கனடாவின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி தன் சட்ட அடித்தளத்தில் குடியுரிமையைக் கோரவில்லை. வந்து வாழ்பவரை உள்வாங்குவது அதன் இயல்பு, சலுகையன்று. இரண்டு, காத்திருப்பு மாகாணங்களிடையே தொடர்ச்சியைக் காக்க எழுந்த விதி. வெளிநாட்டிலிருந்து வருபவர்மீது அதனை ஏற்றியபோது அது தன் நோக்கத்தை இழந்து இடைவெளியாயிற்று. மூன்று, 1994, 2012, 2020, 2023 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் மனிதர் எடுத்த முடிவுகள். அவற்றை மனிதர் மாற்றவும் இயலும் என்பதற்கு அவ்வாண்டுகளே சான்று.

தமிழாய்வுக்கு இதிலிருந்து ஒரு கடமையும் எழுகிறது. சட்டமும் தீர்ப்பும் நூலகங்களில் உள்ளன. மருத்துவமனைக் கட்டணச் சீட்டு, காலாவதியான சிவப்பு வெள்ளை அட்டை, கூட்டாட்சித் திட்டத்தின் சான்றிதழ், தாயகத்துக்கு எழுதி மருந்து அனுப்பக் கேட்ட கடிதம் ஆகியவை வீடுகளின் பெட்டிகளிலேயே கிடக்கின்றன. 1980களில் வந்தவர்கள் இன்று முதுமையை அடைந்துள்ளனர். ‘உங்களுக்கு முதன்முதலில் காய்ச்சல் வந்தபோது எங்கே போனீர்கள், யார் பணம் கொடுத்தார்?’ என்னும் எளிய வினாவை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதற்குரிய காலம் இதுவே. அவ்விடைகள் சேர்க்கப்படும்போதுதான், ஒரு நிலத்தில் குடிபுகுந்த நாளுக்கும் அந்நிலம் அவர்களைத் தன் குடியாக ஏற்ற நாளுக்கும் இடைப்பட்ட தொலைவு வரலாற்றில் அளக்கப்படும்.